கண்டகாய் ஊர் மேட்டுக்குப் போனது எப்படி? நம்ம ஆற்றங்கரையில் வெள்ள மட்டத்தை எப்படிக் குறிச்சு வைப்பது?

கொடிக்கால் (கேள்வி)

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கண்டகாய்னு ஒரு சின்ன ஊர். மரம்பிட்ஜி ஆற்றங்கரை. இன்னைக்கும் சுமார் 2000 பேர்தான். 1852 வெள்ளத்துக்குப் பிறகு ஊரையே பள்ளத்தில் இருந்து மலைச்சரிவுக்கு மாத்திட்டாங்கன்னு ஒரு கட்டுரையில் வந்தது. ஆனா அதில் இரண்டே பத்திதான். ஏன் முதல்ல பள்ளத்தில் வச்சாங்க, யார் தடுத்தாங்க, மாத்தினப்போ நிலம் யாருக்குப் போச்சுன்னு ஒண்ணும் இல்லை.

இதைக் கேட்க ஒரு காரணம் இருக்கு. தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் ஆத்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தண்ணி எது வரைக்கும் வந்ததுன்னு தெருத் தெருவா எழுதி வைக்கலாம்னு ஊரில் சிலர் முடிவு பண்ணியிருக்கோம். 1992 நவம்பர் வெள்ளத்தையும் சேர்க்கணும். அதைப் பார்த்த பெரியவங்க இன்னும் இருக்காங்க. "இடுப்பளவு", "திண்ணைக்கு மேல ரெண்டு படி" என்கிறதை எல்லாம் நம்பத்தக்க அளவா மாத்துறது எப்படி? சர்வே தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க. செலவு குறைவா இருக்கணும். கண்டகாய் வரலாறு தெரிஞ்சவங்களும் சொன்னா நல்லது.

---

பழந்தாள்

கண்டகாய் பற்றி முதலில்.

அந்த இடம் ஊராக வளர்ந்ததற்குக் காரணம் ஆற்றைக் கடக்கும் துறை. சிட்னியிலிருந்து தெற்கே, இப்போது விக்டோரியா என்கிற பகுதிக்குப் போன மாட்டு வண்டிகள் மரம்பிட்ஜியை அங்கேதான் கடந்தன. சார்லஸ் ஸ்டர்ட் 1829இல் அந்த ஆற்றின் வழியாகப் போன பிறகு ஆட்டு மந்தைக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள். தண்ணீர் வடியும் வரை வண்டிகள் துறையில் காத்துக் கிடக்கும். காத்துக் கிடக்கிறவனுக்குச் சாராயக்கடை வேண்டும், கொல்லன் வேண்டும், மளிகை வேண்டும். அவையெல்லாம் துறைக்குப் பக்கத்திலேயே, ஆற்றுக்கும் மார்லி ஓடைக்கும் நடுவில் இருந்த சமதரையில் முளைத்தன. 1838இல் அரசு அந்தச் சமதரையையே ஊராக அறிவித்து, கட்டம் போட்டு, மனை பிரித்து விற்றது. பிரச்சினையின் வேர் இதுதான். நிலத்தை அளந்தவர்கள் தட்டையா, தெரு நேராக வருமா, துறைக்குக் கிட்டமா என்று பார்த்தார்கள். அந்தத் தட்டைத்தரையை உருவாக்கியதே வெள்ளம் கொண்டுவந்த வண்டல்தான் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த மண்ணின் பூர்வகுடிகள் விராஜுரி மக்கள். இங்கே பெருவெள்ளம் வரும் என்று அவர்கள் எச்சரித்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. 1844இல் ஒரு வெள்ளம் வந்து காட்டவும் செய்தது. அப்போதே மேட்டு நிலத்துக்கு மாறியிருக்கலாம். ஆனால் காசு கொடுத்து மனை வாங்கியவர்கள் சும்மா விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். வெள்ளத்துக்குப் பயந்து பலர் செய்தது வீட்டுக்கு மேலே பரண் போட்டதுதான்.

1852 ஜூன் 24, 25. ஜூன் அங்கே குளிர்காலம் என்பதை நினைவில் வையுங்கள். இரவில் ஆறு ஏறியது. பரணில் ஏறினவர்கள் பரணோடு போனார்கள், ஏனென்றால் வீடே நிற்கவில்லை. ஊரில் இருந்தது சுமார் 250 பேர். குறைந்தது 78 பேர் இறந்தார்கள்; 89 வரை சொல்லும் கணக்கும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு என்று வையுங்களேன். ஆஸ்திரேலியாவில் பதிவான வெள்ளச் சாவுகளில் மிகக் கொடியவற்றில் இது ஒன்று.

மீதிப் பேர் பிழைத்ததில் பெரும் பங்கு விராஜுரி ஆட்களுக்கு. யாரி, ஜாக்கி ஜாக்கி, லாங் ஜிம்மி ஆகிய பெயர்கள் பதிவில் உள்ளன. மரப்பட்டையை உரித்துச் செய்த ஓடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரை ஏற்றிக்கொண்டு, மிதந்து வரும் மரங்களுக்கு நடுவில் போய்ப் போய் வந்தார்கள். யாரி 1880இல் இறந்தார். யாரி, ஜாக்கி ஜாக்கி இருவருக்கும் வெண்கலச் சிலை வைத்தது 2017இல்.

அடுத்து ஊர் மாறிய விஷயம். 1853இல் இன்னும் உயரமான ஒரு வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகுதான் வடகரையில் பர்னாசஸ் மலைச்சரிவுக்கும், தென்கரையில் இன்னொரு மலைச்சரிவுக்கும் ஊர் உண்மையாகவே போனது. அதுவும் எப்படி முடிந்தது? மேட்டு நிலத்தின் மனை வரைபடம் 1850இலேயே, அதாவது பெருவெள்ளத்துக்கு முன்பே, ஜேம்ஸ் லார்மர் என்ற நில அளவையாளர் கையால் தயாராக இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு கமிட்டி போட்டு இடம் தேட வேண்டிய வேலையே இல்லை. என்னைக் கேட்டால் கண்டகாயிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 1850 வரைபடத்தைத்தான். வீரக் கதையை எல்லாரும் சொல்வார்கள், வரைபடத்தை யாரும் சொல்வதில்லை.

பழைய சமதரை இன்று பெரும்பாலும் மேய்ச்சல் நிலம், கோல்ஃப் மைதானம், கேரவன் வண்டியில் வருகிற பயணிகள் தங்கும் முகாம். ஊர் இரண்டு மேட்டிலும், நடுவில் வெள்ளவெளியும் ஆகிவிட்டதால் பாலம் நீளமாகப் போட வேண்டியதாயிற்று. ஆற்றின் மேல் 1867இல் இரும்புப் பாலம். வெள்ளவெளியைத் தாண்ட மரத்தூண்களின் மேல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஒரு மரப்பாதை. அந்த மரப்பாதை இற்றுப்போய் ஆபத்தாகி 2021-22இல் இடித்தார்கள். மேலே பரின்ஜக் அணை 1928இல் முடிந்த பிறகும் 1974, 2012 ஆண்டுகளில் பெருவெள்ளம் வந்தது. அணை வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்கிற பேச்சு எந்த ஊரிலும் செல்லாது.

சுற்றுலாக்காரர்கள் அந்த ஊரை அறிவது வேறு ஒன்றால். ஊருக்கு ஐந்து மைல் தள்ளி, சாப்பாட்டுப் பெட்டி மேல் நாய் உட்கார்ந்திருக்கும் சிலை, 1932இல் வைத்தது. 78 பேர் செத்த இடத்தைவிட நாய்க்குத்தான் கூட்டம்.

---

சீவலப்பேரி

பழந்தாள் அண்ணாச்சி சொன்னதில் ஒரு சேர்க்கை. காப்பாற்றப்பட்டவர்கள் எண்ணிக்கை 40க்கு மேல் என்று சில இடத்திலும், 69 என்று சில இடத்திலும் வரும். எழுதும்போது இரண்டையும் போடுங்க, ஒண்ணை மட்டும் எடுத்து அடிக்காதீங்க. அப்புறம் "1852க்குப் பிறகு மாறினார்கள்" என்று சுருக்கிச் சொல்வதும் சரியில்லை. 1853 வெள்ளம் இல்லாவிட்டால் பாதிப் பேர் அதே மனையில் திரும்பக் கட்டியிருப்பார்கள்.

நம்ம பக்கத்துக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே 250 பேர், 14 வருஷ ஊர், மர வீடு. இங்கே ஆயிரம் வருஷக் கோயில், கால்வாய்ப் பாசனம், ஒரே மனையில் நாலு பங்காளி. ஊரை மாத்துற பேச்சை விட்டுட்டு மட்டத்தை எழுதி வைக்கிற வேலையே சரி.

---

மட்டக்கோல்

அளவு எடுக்கிறதுக்கு வர்றேன். முதல்ல எந்தக் கோட்டை அளக்கணும்னு தெரியணும். பாதித் தப்பு அங்கேதான் நடக்கும்.

சுவரில் மூணு வகைக் கோடு இருக்கும். ஒண்ணு வண்டல் கோடு: கலங்கல் தண்ணி நின்ன இடத்தில் மண் ஒட்டி, மேல் விளிம்பு கத்தரிச்ச மாதிரி நேரா இருக்கும். இதுதான் வேணும். ரெண்டாவது ஈரம் ஏறிய கோடு: செங்கல்லும் சுண்ணாம்பும் தண்ணியை உறிஞ்சி மேலே இழுக்கும். தண்ணி நின்ன மட்டத்துக்கு மேலே ஒரு அடி, ரெண்டு அடி கூட ஏறி அங்கே உப்புப் பூத்து நிக்கும். வளைஞ்சு வளைஞ்சு போகும். வெள்ளம் போய் மாசக்கணக்கு ஆனா வண்டலைக் கழுவிடுவாங்க, உப்புக் கோடு மட்டும் மிஞ்சும். அதை அளந்தா மட்டம் கூடிப்போகும். மூணாவது, வடியும்போது தண்ணி கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்னு விட்ட கோடு. இது கீழே இருக்கும், ஆனா உச்சக் கோட்டைவிட அழுத்தமா இருக்கும். "தெளிவா இருக்கே"ன்னு இதை எடுத்தா மட்டம் குறைஞ்சுடும். ஒரே சுவரில் ரெண்டு வண்டல் கோடு இருந்தா மேலே இருக்கிறதை எடுங்க.

வெளிச்சுவரை விட உள் அறை நல்லது. ஓடுற தண்ணி எதிர்த்த சுவரில் ஏறும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்தா முட்டுற சுவரில் 20 செ.மீ. வரைக்கும் கூடக் காட்டும். பாலத்துத் தூணின் மேல்பக்கமும் அதே கதைதான். கதவு சாத்தின உள் அறை, பீரோவுக்குப் பின்புறம், மாடிப்படிக்கு அடியில், மின் மீட்டர் பெட்டிக்குள்ளே பாருங்க. அலை அடிக்காத தண்ணி நின்ன இடம் அது. மரக்கிளையில் செத்தை மாட்டியிருக்கும், அதை அளக்காதீங்க. கிளை தண்ணி இழுப்பில் வளைஞ்சு, வடிஞ்ச பிறகு நிமிர்ந்திருக்கும்.

ஒரு தெருவுக்குக் குறைஞ்சது மூணு அடையாளம் எடுங்க. பக்கத்துப் பக்கத்து வீட்டில் 5 செ.மீ.க்குள் ஒத்துப்போனா நம்பலாம். ஒண்ணு மட்டும் 30 செ.மீ. தள்ளி நின்னா அதை அடிக்காம தனியா எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைங்க.

அடுத்தது அளவு. தரையில் இருந்து அளந்து "4 அடி 2 அங்குலம்"னு எழுதினா பிரயோஜனம் இல்லை. ரோடு போடும்போதெல்லாம் மேலே மேலே போடுறாங்க. 1992இல் ரோட்டில் முழங்கால் தண்ணி, 2023இலும் முழங்கால் தண்ணின்னா வெள்ளம் சமம்னு அர்த்தம் இல்லை, நடுவில் ரோடு எவ்வளவு ஏறுச்சோ அவ்வளவு தண்ணியும் ஏறியிருக்கு. அதனால ஊருக்குள்ளே ஒரு நிலையான கல்லைப் பிடிங்க: கோயில் கருங்கல் அதிட்டானம் (அடிப்பீடம்), குளத்து உபரித் தண்ணி வழியற கலுங்குக் கல், பழைய பாலத்துக் கைப்பிடிச் சுவர். எல்லா அளவையும் அந்தக் கல்லோட தலையில் இருந்து கூட்டல், கழித்தலா எழுதுங்க.

செலவு இல்லாம செய்யணும்னா கொத்தனார் வச்சிருக்கிற லெவல் டியூப் போதும். 20 மீட்டர் நீளம், தெளிவான பிளாஸ்டிக் குழாய். தண்ணியை ஒரு முனையில் இருந்து மெதுவா உறிஞ்சி ஏத்துங்க. மேலே இருந்து ஊத்தினா குமிழி மாட்டும். குமிழி ஒண்ணு இருந்தாலும் அளவு பொய். தொடங்கும் முன்னே ரெண்டு முனையையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க, ரெண்டிலும் தண்ணி ஒரே மட்டத்தில் நிக்கணும். அளக்கும்போது முனையை விரலால் அடைக்கக் கூடாது, அடைச்சா தண்ணி நிக்கும், மட்டம் காட்டாது. ஒரு முனை வெயில், இன்னொரு முனை நிழல்னா 1 மீட்டர் உயரத்துக்கு 5 மி.மீ. வரைக்கும் பிசகும். விடியக்காலமோ சாயங்காலமோ அளங்க. இப்படி 20 மீட்டர், 20 மீட்டரா நகர்ந்து ஒரு தெருவை முடிக்கலாம். பத்துத் தடவைக்கு மேல நகர்த்தினா பிசகு சேர்ந்துகிட்டே போகும், அதுக்கு ஆட்டோ லெவல் (முக்காலியில் வச்சு மட்டம் பார்க்கிற தொலைநோக்கிக் கருவி) வேணும்.

ஆட்டோ லெவல், முக்காலி, 4 மீட்டர் ஸ்டாஃப் (அளவுக்கோல்) எல்லாம் திருநெல்வேலியில் வாடகைக்குக் கிடைக்கும். பாலிடெக்னிக் சிவில் பையன்களைக் கூப்பிட்டா சந்தோஷமா வருவாங்க. ஒண்ணே ஒண்ணு கவனிங்க. பின் பார்வையும் (மட்டம் தெரிஞ்ச இடத்தைப் பார்க்கிறது) முன் பார்வையும் (அடுத்த இடத்தைப் பார்க்கிறது) ஏறக்குறைய சம தூரம் இருக்கணும், 50 மீட்டருக்கு மேல வேண்டாம். போன வழியில் நிக்காம திரும்பத் தொடங்கின கல்லுக்கே வந்து முடிங்க. தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 12ஆல் பெருக்கினா எத்தனை மில்லிமீட்டர் வருதோ அதுக்குள்ள பிசகு இருந்தா நல்ல வேலை. 24ஆல் பெருக்கினதுக்குள்ள இருந்தாலும் இந்தக் காரியத்துக்குத் தாராளம். அதாவது 3 கி.மீ. சுத்தினா 21 மி.மீ. முதல் அளவு, 42 மி.மீ. ரெண்டாவது. அதுக்கு மேல போனா கணக்கைச் சரிக்கட்டாதீங்க, மறுபடி அளங்க.

கைபேசி உயரம் வேண்டவே வேண்டாம். செயற்கைக்கோள் கொடுக்கிற உயரத்துக்கும் கடல்மட்ட உயரத்துக்கும் நம்ம தென்கோடியில் 90 மீட்டருக்கும் மேல வித்தியாசம். சில செயலி அதைத் திருத்திக் காட்டும், சிலது அப்படியே காட்டும். ஆத்தூரில் நின்னுக்கிட்டு கடலுக்கு 90 மீட்டர் போலக் கீழே இருக்கேன்னு காட்டினா பயப்படாதீங்க. இடத்தைக் குறிக்க மட்டும் கைபேசியை வச்சுக்கோங்க.

கடல்மட்டத்தோட சேர்க்கணும்னா ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் எழுதியிருக்கிற உயரத்தை ஒரு ஒப்பீட்டுக்கு எடுக்கலாம். ஆனா அது எந்தக் கல்லோட தலை, எந்தத் தண்டவாளத்தோட மேல்மட்டம்னு பலகையில் இருக்காது. அதைவிட ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு நெற்றி மட்டம் (தண்ணி வழியற உச்சி) நல்லது. நீர்வளத்துறைக்காரங்க கிட்ட எழுதிக் கேளுங்க. கேட்கும்போது "எந்தக் கணக்கு மட்டம் (உயரத்தை எங்கே சுழின்னு வச்சு எடுத்தது), அடியிலா மீட்டரிலா"ன்னும் சேர்த்துக் கேளுங்க. பழைய வரைபடம் எல்லாம் அடி.

---

கொடிக்கால்

ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஒரு சந்தேகம். 2023இல் எங்க பக்கம் ஆற்றுத் தண்ணி மட்டும் வரலை, குளம் உடைஞ்ச தண்ணியும் வந்தது. சில தெருவில் தெற்கே இருந்து வந்ததுன்னு சொல்றாங்க, ஆறு வடக்கே இருக்கு. ரெண்டையும் ஒரே பட்டியலில் போடலாமா?

1992க்கு வீட்டில் கோடு எதுவும் மிஞ்சலை. நினைவு மட்டும்தான். அதுக்கு முந்தின வெள்ளம் பத்தி ஏதாவது எழுத்து கிடைக்குமா?

---

மட்டக்கோல்

ஒரே பட்டியலில் போடவே கூடாது. ஆற்று வெள்ளத்தோட மட்டம் ஆற்றோட சரிவை ஒட்டிக் கிழக்கே இறங்கிக்கிட்டே போகும். குளத்து உடைப்பு, உடைச்சலுக்குப் பக்கத்தில் உயரமாவும் தள்ளிப்போனா சட்டுனு தாழ்வாவும் இருக்கும். ரெண்டையும் கலந்து ஒரு கோடு வரைஞ்சா அடுத்த வெள்ளத்துக்கு அந்தக் கோடு வழி தப்பிக் காட்டும்.

ஒவ்வொரு அடையாளத்துக்கும் நாலு கேள்வி கேளுங்க. எந்தப் பக்கம் இருந்து வந்தது? எத்தனை மணிக்கு? ஓடுச்சா, நின்னுச்சா? எத்தனை மணி நேரத்தில் வடிஞ்சது? ஆற்றுத் தண்ணி படிப்படியா ஏறும், உச்சத்தில் பல மணி நேரம் நிக்கும், செம்மண் கலங்கல் விட்டுட்டுப் போகும். குளம் உடைஞ்ச தண்ணி திடுதிப்புனு வரும், கருப்புக் களிமண்ணும் தாமரைத் தண்டும் நத்தையும் கொண்டுவரும், சீக்கிரம் வடியும். ஸ்ரீவைகுண்டம் அணையில் இருந்து பிரியற தென்கால், கடம்பாகுளம் மாதிரிக் குளங்களை நிரப்பி மறுகால் பாய்ஞ்சு வர்ற வழியை ஒரு தாளில் வரைஞ்சு வச்சுக்கிட்டுக் கேட்டா, சொல்றவங்களுக்கே தெளிவாயிடும்.

இன்னொண்ணு. 2023இல் மேலே மலையில் பெய்ததை மட்டும் சொல்ல முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. சமவெளியிலேயே அவ்வளவு மழை. 1992 வெள்ளம் பெரும்பாலும் மலையில் கொட்டி ஆற்று வழியா வந்தது. ரெண்டும் ஒரே குணம் இல்லை. 1992இல் தப்பின தெரு 2023இல் முழுகியிருந்தா ஆச்சரியப்படாதீங்க, சொல்றவங்க பொய் சொல்றாங்கன்னும் முடிவு கட்டாதீங்க.

நினைவை அளவாக்க ஒரு வழி உண்டு. "இடுப்பளவு"ன்னு சொன்னவங்களை அந்த இடத்துக்கே கூட்டிட்டுப் போய்க் கையை வச்சுக் காட்டச் சொல்லணும். 1992இல் அவங்க சின்னப் பிள்ளைன்னா இடுப்பு வேற. ஆள் உடம்பை விட்டுட்டு அசையாத பொருளைக் கேளுங்க: மாடக்குழி, ஜன்னல் கட்டை, நடைக்கல், அடுப்புத் திண்டு, அம்மன் கோயில் பீடம். வீட்டை இடிச்சுக் கட்டியிருந்தா அந்த அடையாளம் செத்தது, விட்டுருங்க. ரெண்டு பேரைத் தனித்தனியா கேளுங்க. ஒண்ணா உக்கார வச்சா ஒருத்தர் சொன்னதையே மத்தவங்களும் சொல்வாங்க. நினைவில் இருந்து எடுத்ததுக்குப் பக்கத்தில் "அரை அடி கூடக் குறைய"ன்னு எழுதாம விடாதீங்க.

---

நத்தம்

எழுத்து ஆதாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

அணைக்கட்டில் தலைமதகு நீர்மட்டத்தைத் தினமும் எழுதும் பழக்கம் உண்டு. மருதூர், ஸ்ரீவைகுண்டம் இரண்டும் உங்களுக்கு மேலே உள்ள கடைசி இரண்டு அணைகள். தாமிரபரணியின் எட்டில் ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தது, மற்றவை அதற்கு முந்தியவை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் "பழைய பதிவேடு இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நேரில் போய், குறிப்பிட்ட தேதிகளைச் சொல்லி, பார்வையிட அனுமதி கேளுங்கள். 1992 நவம்பர் 10 முதல் 20 வரை என்று கேட்டால் தேடுகிறவருக்கும் வேலை குறைவு.

1869 வெள்ளம் உங்களுக்கு ஒரு நல்ல பழைய முனை. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தின் ஒரு பகுதி அந்த வெள்ளத்தில் போனது, பிறகு சரி செய்தார்கள். பழைய வீட்டு ஓலை, கணக்கு, பத்திரம் எதிலாவது அந்த ஆண்டு தென்படுகிறதா என்று பாருங்கள். அங்கே பெரும்பாலும் இங்கிலீஷ் ஆண்டு இருக்காது. நம் பக்கம் கொல்லம் ஆண்டு எழுதுவார்கள், ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824 கூட்டுங்கள், அதற்குப் பிறகு ஆடி முடிய 825. 1869 நவம்பர் என்றால் கொல்லம் 1045. வரிக் கணக்கு என்றால் பசலி, ஜூலையில் தொடங்கும்: டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் 591. அதே நவம்பர் பசலி 1279.

வருஷப் பெயர் மட்டும் இருந்தால் ஏமாந்து போவீர்கள். 1869 நவம்பர் சுக்கில வருஷம். அறுபது வருஷம் கழித்து 1929லும் சுக்கிலம்தான். தாளையோ கையெழுத்தையோ பார்த்து முடிவு செய்ய வேண்டும். 1992 நவம்பர் ஆங்கிரச ஐப்பசி, 2023 வெள்ளம் சோபகிருது மார்கழி முதல் நாள். பெரியவர்களிடம் கேட்கும்போது இந்தப் பெயர்களையும் சொல்லிக் கேளுங்கள், நாள் சட்டென்று நினைவுக்கு வரும்.

இனி என் கருத்து. கண்டகாயில் அரசு பள்ளத்தில் மனை பிரித்தது, மக்கள் பிறகு மேட்டுக்கு ஏறினார்கள். நம்மிடம் நடந்தது நேர்மாறு. பழைய நத்தம் (ஊரின் குடியிருப்பு நிலம்) எங்கே இருக்கிறது என்று வருவாய்த்துறை அ பதிவேட்டையும் (சர்வே எண் வாரியான நில விவரம்) புல வரைபடத்தையும் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வயலைவிட ஆறு அடி, எட்டு அடி மேடாக இருக்கும். நன்செய் பள்ளத்தில், குடியிருப்பு மேட்டில் என்பதுதான் ஆற்றுப் பாசன ஊரின் அமைப்பு. அந்த நன்செய்யைத்தான் கடந்த முப்பது, நாற்பது வருஷமாக மனை போட்டு விற்கிறோம். ஆகவே உங்கள் பட்டியலில் ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு பத்தி (அட்டவணையில் மேலிருந்து கீழாக ஒரு வரிசை) சேருங்கள்: பழைய சர்வே எண், அது நத்தமா, நன்செய்யா, புன்செய்யா. இரண்டு மாதத்தில் பார்த்தால் தண்ணீர் நின்ற வீடுகளில் எத்தனை பழைய வயல் என்று அந்தப் பத்தியே சொல்லிவிடும். மட்டத்தைவிட அது ஊருக்கு அதிகம் பயன்படும், சிலருக்குப் பிடிக்கவும் பிடிக்காது.

வெள்ளத்தோடு வாழ்வது என்றால் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே கட்டினார்கள், முழுகும் என்று தெரிந்தே கட்டினார்கள். தண்ணீர் ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். கல் நிற்கும். வீட்டுக்கு அது பொருந்தாது.

---

சீவலப்பேரி

//பெரும்பாலும் வயலைவிட ஆறு அடி, எட்டு அடி மேடாக இருக்கும்//

எல்லா ஊரிலும் அப்படி இல்லை அண்ணாச்சி. ஆற்றை ஒட்டிய படித்துறைத் தெருக்கள், அக்கிரகாரங்கள் நத்தத்திலேயே இருந்தும் தாழ்வாத்தான் இருக்கும். குளிக்கவும் சந்தியாவந்தனத்துக்கும் பக்கம்னு கரையோரம் வச்சது. சித்தாறு வந்து சேர்ற எங்க பக்கம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். "நத்தம்னா பத்திரம்"னு யாரும் எடுத்துக்கக் கூடாது, அளந்துட்டுத்தான் சொல்லணும்.

---

நத்தம்

சரிதான். அதற்காகத்தான் பத்தி தனியாக வேண்டும் என்றேன். படித்துறைத் தெரு என்றும் குறித்து வையுங்கள்.

---

மட்டக்கோல்

கடைசியா கல் நடுறதைச் சொல்லிடறேன், அதிலும் கோளாறு நிறைய நடக்குது.

பெயிண்ட் அடிக்காதீங்க. அடுத்த பொங்கலுக்கு வெள்ளை அடிச்சா போச்சு. கோயில் பழைய கல்லில் உளி வைக்கவே கூடாது. தப்புங்கிறது ஒரு பக்கம், கல்வெட்டு இருந்தா அதுவும் சிதையும். தனிக் கருங்கல் தூண் போதும்: 6 அடி நீளம், முக்கால் அடிச் சதுரம். 2 அடி மண்ணுக்குள்ளே, சுத்தி ஜல்லிக் கான்கிரீட். புறம்போக்கில் நடணும்னா பஞ்சாயத்துத் தீர்மானம் வாங்கிக்கோங்க. பள்ளிக்கூட வளாகம் இன்னும் நல்லது, யாரும் பிடுங்க மாட்டாங்க.

தூணை நட்டு, கான்கிரீட் இறுகி, மறுபடி மட்டம் எடுத்த பிறகுதான் கோட்டை வெட்டணும். கோட்டை வெட்டிட்டு நட்டா ரெண்டு செ.மீ. இறங்கியிருக்கும். கோடு ஒரு செ.மீ. அகலம் இருந்தா "கோட்டின் மேல் விளிம்பே நீர்மட்டம்"னு கல்லிலேயே எழுதுங்க. கூடவே நாள், மாதம், ஆண்டு, ஆறா குளமா, நிலையான கல்லில் இருந்து எத்தனை செ.மீ.ன்னு வெட்டுங்க. நன்கொடையாளர் பெயரை அதே பக்கத்தில் வெட்டினா கோட்டுக்கு இடம் இருக்காது, பின்பக்கம் வெட்டுங்க. மேலே இடம் விட்டு வைங்க, இதைவிட உயரமா ஒண்ணு வந்தா அங்கேதான் வெட்டணும்.

ஒவ்வொரு கல்லுக்கும் ரெண்டு படம் எடுங்க: கிட்டத்தில் ஒண்ணு, பின்னாலே அடையாளம் தெரியற மாதிரி தூரத்தில் ஒண்ணு. அளவுப் புத்தகத்தை மூணு பிரதி எடுத்து ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், ஒரு தனி ஆள் கையில் வைங்க. ஆத்தூர் மாதிரி ஊரில் எல்லாப் பிரதியையும் ஒரே கட்டடத்தில் வச்சா அடுத்த வெள்ளத்தில் அதுவும் சேர்ந்து போகும்.

---

பழந்தாள்

கண்டகாய் பற்றி மேலும் படிக்க நினைத்தால் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களைக் காசில்லாமல் தேடலாம். 1852 ஜூலை மாதச் சிட்னி மார்னிங் ஹெரால்டைத் தேடுங்கள். ஜூன் 25 தேதியில் தேடினால் ஒன்றும் வராது, ஏனென்றால் அப்போது தந்தி இல்லை. குதிரைத் தபால் சிட்னி போய்ச் சேர நாள் பிடித்தது. எழுத்தை இயந்திரம் படித்ததால் பிழை நிறைய இருக்கும், ஊர்ப் பெயரோடு ஆற்றின் பெயரையும் தனியாகப் போட்டுத் தேடுங்கள். முதல் வாரச் செய்தியில் இறந்தவர் எண்ணிக்கை ஒன்று, அடுத்த வாரம் வேறொன்று என்று வரும். பிந்தியதை எடுத்துக்கொண்டு, முந்தியதையும் தேதியோடு குறித்து வையுங்கள். 2023க்கு நம் நாளிதழ்களை எடுக்கும்போதும் இதே முறைதான்.